கையில் ஒரு கால்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் பகல் 11 மணிக்கு மேல் ஏறிப் பாருங்கள். காலையில் மூச்சு முட்டிய அதே பெட்டியில் ஜன்னலோர சீட் உங்களுக்காகக் காத்திருக்கும். அப்படி ஒரு நாள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவருக்கு 35 வயது இருக்கலாம். உட்கார்ந்ததும் முதல் காரியமாக பேன்ட்டைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே இடது காலைக் கழற்றி, டிபன் பாக்ஸ் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பார்க்காத மாதிரி நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை.

"கொஞ்சம் காத்து வாங்கட்டும் சார். காலையிலேர்ந்து கடிக்குது."

எண்ணூர் தாண்டுவதற்குள் கதை வந்துவிட்டது. சிப்காட்டில் ஒரு ரோலிங் மில் (பெயர் வேண்டாம்). கான்ட்ராக்ட் வேலை. கம்பிக் கட்டு சரிந்து பாதம் நசுங்கியது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மாசக்கணக்கில் வீடு. பிறகு ஒரு விழாவில் இலவசமாகச் செயற்கைக் கால். மேடை, சால்வை, போட்டோ.

"சார், மயூரின்னு ஒரு படம் பாத்திருக்கீங்களா?" என்றார் திடீரென்று.

"பாத்திருக்கேன். ஏன்?"

"கால் குடுத்த அன்னிக்கு மேடையில பேசினவரு சொன்னாரு. ஒரு பொண்ணு இதே கால வெச்சுக்கிட்டு டான்ஸே ஆடியிருக்கு, உங்களால நடக்க முடியாதா, தன்னம்பிக்கைதான் வேணும்னாரு. நானும் தன்னம்பிக்கையோடதான் சார் நாலு தடவை விழுந்தேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. கைத்தடி இல்லாமல் நடந்து வந்து காட்டினால் கேட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாக மில்லில் சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் "உனக்கு மனசுல தைரியம் பத்தல" என்கிறாராம். வீட்டிலும் கொஞ்சம் அப்படித்தான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ‘மயூரி’யைத் தேடிப்பிடித்து மறுபடி பார்த்தேன். ஒரு படம் என்ன சொன்னது, அதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொண்டோம் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஞாபகம் இல்லாதவர்களுக்கு: 1985-ல் தெலுங்கில் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, ராமோஜி ராவின் உஷாகிரண் மூவீஸ் தயாரித்த படம். தமிழில் டப் ஆகி வந்தது. அடுத்த வருஷம் இந்தியில் ‘நாச்சே மயூரி’. சுதா சந்திரன் தன் சொந்தக் கதையில் தானே நடித்தார். தேசிய விருதுக் குழு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது.

படத்தின் பெரிய பலம், அது ஏமாற்றவில்லை என்பது. வேறொரு நடிகையைப் போட்டு, காலை மறைத்து, கேமரா வித்தை காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. திரையில் நாம் பார்க்கும் கால் நிஜமாகவே ஜெய்ப்பூர் கால். அதை வைத்துக்கொண்டு ஜதிக்கு மிதிக்கும் பெண், நிஜமாகவே அதை மாட்டிக்கொண்டு வலியோடு பழகிய பெண். இந்திய சினிமாவில் இந்த நேர்மை அபூர்வம். அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் கை தட்டலாம்.

சிக்கல் வேறு இடத்தில். சினிமாவுக்கு இருப்பது இரண்டரை மணி நேரம். விபத்தைக் காட்ட வேண்டும், காதலைக் காட்ட வேண்டும், கண்ணீரைக் காட்ட வேண்டும், கடைசியில் மேடையைக் காட்ட வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு பொண்ணு எழுந்து நிற்கப் பழகிய நாட்கள் திரையில் நிமிஷங்களாகிவிடுகின்றன. டைரக்டரைக் குறை சொல்லவில்லை. நடக்கப் பழகுவதை அப்படியே காட்டினால் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். ஒருவர் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் சாய்வார், மறுபடி சாய்வார், நாளைக்கும் சாய்வார். கதையே இல்லை.

ஆனால் விஷயமே அந்தக் கதையில்லாத பகுதியில்தான் இருக்கிறது.

சுதா சந்திரனின் நிஜக் கணக்கைப் பாருங்கள். 1981-ல் திருச்சி பக்கம் பஸ் விபத்து. சிகிச்சையில் கணுக்காலில் இருந்த சின்னக் காயம் கவனிக்கப்படாமல் போய், புண் அழுகி, வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி மேடை ஏறியது 1984 ஜனவரியில், மும்பையில். நடுவில் இரண்டரை வருஷம்! பழகும்போது ரத்தம் கசிந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். விபத்துக்கு முன்பே அவர் சின்ன வயதிலிருந்து பரதம் ஆடியவர். அரைமண்டியில் நிற்பது, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது, இடுப்பை அசைக்காமல் பாதத்தைத் தட்டுவது, இதெல்லாம் அவர் உடம்புக்குள் ஏற்கனவே இருந்தன. அவரிடம் தன்னம்பிக்கை இருந்தது, சந்தேகமில்லை. கூடவே பல வருஷப் பாலன்ஸ் பயிற்சியும் இருந்தது. நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் பேசுகிறோம்.

பாலன்ஸ் என்றால் என்ன? நீங்களே பரீட்சித்துப் பாருங்கள். பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து ஒற்றைக் காலில் நில்லுங்கள். இப்போது கண்ணை மூடுங்கள். சில வினாடிகளில் பாதம் தந்தியடிக்க ஆரம்பிக்கும். கட்டைவிரல் அழுத்தும், குதிகால் திருத்தும், கணுக்கால் உள்ளேயும் வெளியேயும் ஆடும். தரை எப்படி இருக்கிறது, நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று உள்ளங்காலிலும் கணுக்காலிலும் இருக்கும் நரம்புகள் மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்புகின்றன. நீங்கள் விழாமல் இருப்பது அந்தச் சேதியால்தான்.

காலை எடுத்துவிட்டால் அந்தச் சேதி நின்றுவிடுகிறது. ரப்பர் பாதத்துக்கு நரம்பு கிடையாது. மிச்சமிருக்கும் காலை டாக்டர்கள் ஸ்டம்ப் என்கிறார்கள். அது உட்கார்ந்திருக்கும் கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். அந்த சாக்கெட்டின் சுவர் எங்கே அழுத்துகிறது என்பதை வைத்துத்தான் இனிமேல் தரையைப் புரிந்துகொள்ள வேண்டும். பாக்கியைக் கண் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் புதிதாகக் கால் போட்டவர்கள் குனிந்து தரையைப் பார்த்தபடியே நடக்கிறார்கள். கரண்ட் போனால் தடுமாறுகிறார்கள். அதைத் தைரியமின்மை என்பது, வெளிநாட்டு ஸ்டேஷனில் இறங்கிய ஆளுக்கு பாஷை புரியவில்லை என்றால் அவனைக் கோழை என்று சொல்வதற்குச் சமம்.

விழுவது நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதியும் இல்லை. கனடாவில் காலை இழந்த 435 பேரிடம் விசாரித்து 2001-ல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேல், 52 சதவிகிதம் பேர், முந்தைய ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தோடு இருந்தார்கள். நல்ல நடைபாதையும் நல்ல மருத்துவமும் இருக்கும் தேசத்திலேயே இந்தக் கதி. பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புதுப் பாஷையைச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியிடம் லோக்கல் ரயில் நண்பரைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டம்ப் எப்படி இருக்கு?"

தைரியத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெட்டிய புதிதில் ஸ்டம்ப் வீங்கியிருக்கும். மாதங்கள் போகப்போக வற்றும். அன்றைக்கு அளவெடுத்துச் செய்த சாக்கெட் இன்றைக்கு லொடலொடக்கும். உள்ளே காலுறை ஒன்றுக்கு இரண்டாகப் போடலாம். அதற்கும் மேல் தளர்ந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். பொருந்தாத செருப்பைப் போட்டுக்கொண்டு தன்னம்பிக்கையோடு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?

அடுத்தது பயிற்சி. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். ஒன்றில் நல்ல கால், மற்றதில் செயற்கைக் கால். "இரண்டுலயும் சமமா நில்லுங்க" என்பார்கள். சமமாகத்தான் நிற்கிறேன் என்று அவர் சத்தியம் செய்வார். மெஷின் வேறு சொல்லும். 60 கிலோ ஆளில் 40 கிலோ நல்ல காலில் இருக்கும். உடம்பு புதுக் காலை நம்பவில்லை. முள் இரண்டு பக்கமும் 30 காட்டும்வரை, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து பழக வேண்டும்.

பிறகு நல்ல காலைத் தூக்கி ஒரு சின்ன மணையின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். மெதுவாக என்பது முக்கியம். அந்த நேரம் முழுக்க உடம்பு செயற்கைக் காலில் நின்றாக வேண்டும் அல்லவா? அதற்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு வலு வேண்டும். அது பலவீனமாக இருந்தால்தான் நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. அதை நாம் நொண்டல் என்கிறோம். நொண்டுவது பல சமயம் காலின் குறையே அல்ல, இடுப்பின் குறை! படுக்கும்போது முட்டிக்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது. கால் மடங்கியே இறுகிவிடும். கைத்தடி பிடித்தால் செயற்கைக் காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பிறகு மண், மணல், சரிவு. கடைசியில் எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது. ஆமாம், அதற்கும் பாடம் உண்டு.

இதில் எதையும் நீங்கள் படித்துவிட்டு வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய பயிற்சிகள். நான் சொல்ல வந்தது, இதில் மந்திரம் ஏதுமில்லை என்பதைத்தான். சைக்கிள் கற்பது போல, தவில் கற்பது போல, சொல்லித்தந்தால் வரும். யாரும் சொல்லித்தராவிட்டால் வராது.

இப்போது விழா மேடைக்கு வருவோம். அடுத்த முறை பேப்பரில் ‘செயற்கைக் கால் வழங்கும் விழா’ போட்டோ வந்தால் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய மனிதர் ஒருவர் காலை நீட்டுவார். வாங்குபவர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டிருப்பார். கால் அவர் கையில் இருக்கும். உடம்பில் இருக்காது. கேடயம் மாதிரி, சீர்வரிசைத் தட்டு மாதிரி. அந்தப் போட்டோவில் எல்லோரும் நிற்பார்கள், கால் யாருக்கோ அவரைத் தவிர.

செய்தியிலும் எண்ணிக்கை காலுக்குத்தான். நூறு கால், இருநூறு கால். ஆறு மாசம் கழித்து அதில் எத்தனை கால் நடக்கிறது, எத்தனை பரணில் இருக்கிறது என்று எந்த விழாவிலும் யாரும் அறிவித்து நான் கேட்டதில்லை. கண்ணாடி வழங்கினால் மறுநாளே பார்வை தெரியும். அதே நினைப்பில் காலையும் வழங்குகிறோம். கண்ணாடி மாட்டிக்கொள்வது. கால் கற்றுக்கொள்வது.

தர்மம் செய்பவர்களைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜெய்ப்பூர் கால் இந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று. 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் ராம் சந்திர ஷர்மா என்ற, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞரும், டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. மேல்நாட்டுக் கால் ஷூவுக்குள் இருக்கப் பிறந்தது. இதுவோ வெறுங்காலோடு வயலில் இறங்கும், சம்மணம் போடும், குத்துக்கால் வைக்கும். 1975-ல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் அமைப்பு இதை இலவசமாக லட்சக்கணக்கானவர்களுக்குக் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்தில் 1987-லிருந்து ஒரு ஜெய்ப்பூர் மையம் கண்ணிவெடியில் காலிழந்தவர்களை நிற்க வைத்திருக்கிறது.

ஒரே நாளில் அளவெடுத்து, செய்து, மாட்டி அனுப்புகிற வேகத்துக்கும் நியாயம் இருக்கிறது. கூலி வேலைக்காரர் வெளியூரில் ஒரு மாசம் தங்க முடியாது. தங்கினால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் கால் ஒரு நாளில் வரும். நடை ஒரு நாளில் வராது. இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதுதான் கேள்வி.

சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. காலும் செய்வார்கள், நடையும் சொல்லித்தருவார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கே லோக்கலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கே.கே. நகர் தனி. இரண்டு காலும் உள்ள நீங்கள் அரை மணி நேரப் பயிற்சிக்காக வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போவீர்களா? ஸ்டம்ப்பில் புண்ணோடு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு?

கூலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி வேலையில் அடிபட்டு ஊனமானால், செயற்கைக் கால் மையத்தில் சேர்ந்து தங்கும் நாட்களுக்கும் பணம் தரும் ஏற்பாடு ஈ.எஸ்.ஐ. சலுகைகளில் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார், நடக்கப் பழகுவதும் வேலைதான், அதற்கும் சம்பளம் வேண்டும் என்று. நம்ம நண்பருக்கு இது தெரியாது. "ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கு சார். ஆஸ்பத்திரி செலவு பாத்தாங்க. பென்ஷன் மாதிரி கொஞ்சம் வருது. வேற ஒண்ணும் கான்ட்ராக்டர் சொல்லலை" என்றார். சிப்காட்டில் ஒடியாவிலும் இந்தியிலும் பேசும் பையன்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்களுக்கு யார், எந்த பாஷையில் சொல்வார்கள்?

நல்ல கால் வராமலும் இல்லை. 2022-ல் சென்னை ஐ.ஐ.டி. ‘கடம்’ என்று ஒரு செயற்கை முழங்காலை வெளியிட்டது. முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களுக்கானது. நிற்கும்போது திடீரென்று மடங்கிக் கவிழ்த்துவிடாமல், நடக்கும்போது சரியாக மடங்கும்படி பல அச்சுகள் வைத்துச் செய்தது. சந்தோஷம். அதற்கும் பழக வேண்டும். கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், எடையை அதன் மேல் வைக்கும் தீர்மானம் மனிதனுடையது. அந்தத் தீர்மானம் பயிற்சியில் வருகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வரும் ஏற்பாட்டையும் வைத்தார்கள். ஆக, வழி தெரியாமல் இல்லை. கால் வாங்கியவர் பெயரை அப்படி வீடு தேடிப் போகிறவர்களின் லிஸ்ட்டில் சேர்க்க ஒரு பேனா போதும். விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு யோசனை. பத்துக் காலைக் குறைத்துக்கொண்டு, அந்தக் காசில் மூன்று மாசத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஊருக்கு அனுப்புங்கள். மூன்று மாசம் கழித்து இன்னொரு விழா வையுங்கள். கால் கையில் இல்லாத போட்டோ எடுங்கள்.

‘மயூரி’ முடிவது மேடையில், கைதட்டலில். சுதா சந்திரனுக்கு அங்கே முடியவில்லை. 2021 அக்டோபரில், விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று வீடியோவில் வருத்தப்பட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. 40 வருஷம் கழித்து, நாடறிந்த நடிகைக்கு இந்த நிலை. செயற்கைக் கால் என்பது கிளைமாக்ஸ் இல்லை. தினசரி வாழ்க்கை. அந்தப் படம் மோசமான படமல்ல. அதை ஒரு சாட்டையாக்கி, விழுந்தவர் முதுகில் வீசுகிறோமே, அதுதான் மோசம்.

அன்றைக்கு கும்மிடிப்பூண்டி வந்தது. நண்பர் காலை மாட்டி, பேன்ட்டை இறக்கிவிட்டு எழுந்தார். கம்பியைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். பெட்டியை விட பிளாட்பாரம் தணிவு. நல்ல காலை, வலது காலை, முதலில் கீழே நீட்டினார். முழு உடம்பும் ஒரு வினாடி இடது பக்கம் தொங்கியது. முட்டி தாங்கவில்லை. சரிந்தவரைப் பின்னாலிருந்த ஒரு பையன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"பரவால்ல, பரவால்ல" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

இதையும் அந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் சொன்னேன். "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது செயற்கைக் கால் முதல்ல. படியில ஏறி இறங்க ஆரம்பிக்கிற அன்னிக்கே சொல்லிக்குடுக்கற பாடம்" என்றார்.

அந்த ஒரு வரியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ‘மயூரி’யைச் சொல்லியிருந்தார்கள்.